நிறம் படாத அக்கா

அந்த வருஷம் சாரல் ஆனியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, ஆடி பிறந்தும் எழுந்திருக்க மனசில்லாமல், கொடியில் போட்ட துணி கொடியிலேயே பூஞ்சை பிடிக்கவும், தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழிந்து வரவும், அப்பளம் எண்ணெய்ச் சட்டிக்குப் போகுமுன்பே துவண்டு தொங்கவும் செய்துகொண்டிருந்த நாட்களில்தான், செங்கோட்டைக்காரர்களின் மேனியிலிருந்து நிறம் கசிந்து பக்கத்தில் நிற்பவர்மேல் ஊறத் தொடங்கியது. இதை முதலில் பார்த்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேட்டால் கண்டக்டர் என்பார்கள், மார்க்கெட் பக்கம் கேட்டால் கருவாட்டுக்காரி என்பார்கள். உண்மையில் அது கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில், ஓவியப் பயிற்சிக்கு வந்தவர்களிடமிருந்துதான் தொடங்கியது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆகவே மண்டபம் சும்மா கிடந்தது. நாகர்கோவிலிலிருந்து ரோஸ்லின் என்றொரு பெண், நாற்பது வயதிருக்கும், கெட்டிப் பருத்திக் காகிதச் சுருள்களைக் கைப்பிள்ளையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, ஞாயிறுதோறும் நீர்வண்ணம் சொல்லித்தரப்போவதாக மண்டபத்து வாசலில் ஒரு தட்டி எழுதிக் கட்டினாள். பந்தி மேஜைகளின்மேல் காகிதத்தை விரித்து, பாயசம் குடிக்கிற டம்ளர்களில் தண்ணீர் வைத்து, ஊர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் கடை மைதீன் பிச்சை வந்தார், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சண்முகவேல் வந்தார், காலேஜுப் பிள்ளைகள் வந்தார்கள், மாமியாரிடமிருந்து ஒரு மத்தியானமாவது தப்பித்தால் போதும் என்று சில மருமகள்கள் வந்தார்கள். குழல்வாய்மொழியும் வந்தாள்.

குழல்வாய்மொழி என்பது குற்றாலத்து அம்மன் பெயர். ஆனால் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, ரெக்கார்டு அக்கா என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்து, காலேஜுப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளில் படம் வரைந்து கொடுப்பது அவளுடைய தொழில். தவளையின் இதயம், மண்புழுவின் குடல், செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டு, மனிதக் காதின் உள்ளமைப்பு என்று சின்ன வயசிலிருந்து வரைந்து வரைந்து, முடியைவிட மெல்லிய கோட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கும் கை அவளுக்கு வாய்த்திருந்தது. இப்போது ஐம்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்கிற ஆட்களும் ஒவ்வொருவராய்ச் செத்துப்போனார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவைக் குளிப்பாட்டி, திருப்பிப் போட்டு, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டாள். போன தையில் அம்மாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு வாரநாட்கள் எப்படியோ ஓடின, ஞாயிற்றுக்கிழமைதான் இழுத்துக்கொண்டே போனது. அதை எங்கேயாவது கொண்டுபோய்க் கழிக்க வேண்டும் என்றுதான் அவள் பயிற்சிக்கு வந்தாளே தவிர, ஓவியத்தின்மேல் ஆசைப்பட்டு வந்தாள் என்று சொன்னால் அது பொய்.

முதல் ஞாயிறு ரோஸ்லின், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலையைப் பார்த்துத் தோன்றியதைப் போடுங்கள் என்றாள். மற்றவர்கள் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து ரகளை பண்ணிக்கொண்டிருக்க, குழல்வாய்மொழி கைப்பையிலிருந்து பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்து, மலைக்கு வரம்பு கட்டி, அருவிக்கு வரம்பு கட்டி, வரம்புக்குள் ஒரு சொட்டும் வெளியே போகாமல் வண்ணத்தை நிரப்பி, பிறகு வழக்கப்படி பக்கவாட்டில் ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து, பாறை, அருவி, மேகம், குரங்கு என்று ஒவ்வொன்றுக்கும் பாகம் குறித்துவிட்டாள். காலேஜுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவர்களில் பாதிப் பேர் அவள் வரைந்த தவளையை வைத்து மார்க் வாங்கியவர்கள். ரோஸ்லின் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததே இல்லை என்று மனசாரச் சொல்லி, அடுத்த தடவை பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

அன்றைக்குக் கடைசியில் ரோஸ்லின் ஒரு வேலை காட்டினாள். தாள் முழுவதையும் ஸ்பாஞ்சால் நனைத்தாள், அதில் ஒரு பக்கம் நீலம், ஒரு விரல் தள்ளி மஞ்சள், இரண்டையும் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "பக்கத்துல வச்சுட்டு நீங்க தள்ளி நில்லுங்க. சேரணுமா வேண்டாமான்னு அதுங்க முடிவு பண்ணட்டும்" என்றாள். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றை ஒன்று நோக்கி ஊர்ந்து போய், கலந்த இடத்தில் யாரும் வைக்காத ஒரு பச்சை வந்து நின்றது.

பயிற்சி முடிந்து வெளியே வந்தால் சாரல். மைதீன் பிச்சையும் லைன்மேன் சண்முகவேலும் ஒரு சாக்கடைத் தகராறில் பல வருஷமாக முகம் பார்க்காதவர்கள், இருவருக்குமாக ஒரே குடைதான் இருந்தது. முறைத்துக்கொண்டே ஒரு குடைக்குள் நடந்து மண்டபத்து வாசலைத் தாண்டும்போது பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள், மைதீன் பிச்சையின் வலது தோளில் கிளிப்பச்சை ஊறியிருந்தது, சண்முகவேலின் இடது தோளில் நல்ல ஆரஞ்சு. ரோஸ்லின் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அழகாகப் பரவியிருக்கிறது என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரத்துக்குள் ஊரே ஊறிவிட்டது. ஈரமாக இருக்கிற ஒருவர் ஈரமாக இருக்கிற இன்னொருவரைத் தொட்டால் போதும், இவருடைய நிறம் அவர்மேல், அவருடைய நிறம் இவர்மேல். சோப்புக்குப் போகாது, சீயக்காய்க்குப் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தவர்களுக்குத் தோல்தான் போயிற்று. காகிதத்தில் ஒட்டாது, சுவரில் ஒட்டாது, மனுஷர்மேல் மட்டும் ஒட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் தன் நிறம் தன்மேல் தெரியாது. அடுத்தவர்மேல் படிந்த பிறகுதான், ஓகோ நான் இந்த நிறமா என்று ஒருவருக்குத் தெரியவரும். ஊரைப் பயமுறுத்தி வைத்திருந்த கந்துவட்டி ராமையா ரோஜாப்பூ நிறம் என்று தெரிந்த பிறகு ஒரு வாரம் கடையையே திறக்கவில்லை.

கொஞ்ச நாள் ஊர் திண்டாடியதும் உண்மைதான். எந்தத் தெருக்காரனின் நிறம் எந்தத் தெருக்காரன்மேல் ஏறலாம் என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, டீக்கடைகளில் பெஞ்சைப் பிரித்துப் போடச் சொன்னார்கள், டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் துண்டால் துடைத்துக்கொண்டு ஏற வேண்டும் என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிய பெரியவரின் முதுகில், கூடாத தெருவின் மயில்நீலம் ஐந்து விரலாக அப்பியிருந்ததைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது. பிறகு பெஞ்சுகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. புருஷன்மார் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிற பழக்கம் வந்தது, அதனால் இரண்டு குடும்பங்களில் பானை சட்டி உடைந்தது, ஒரு குடும்பத்தில் பல வருஷத்துச் சந்தேகம் தீர்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யார் யாரோடு விளையாடினார்கள் என்று அம்மாக்கள் கேட்பதில்லை, கையைப் பார்த்தாலே தெரிந்தது. மாசம் பாதி போவதற்குள், வெள்ளையும் சள்ளையுமாக இருந்த காலத்தில் எப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுகொண்டோம் என்று கேட்கிற அளவுக்கு ஊர் பழகிவிட்டது.

குழல்வாய்மொழிமேல் மட்டும் ஒரு பொட்டும் படவில்லை.

அதற்கு மாயம் ஒன்றுமில்லை. அவள் அம்மாவின் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு தெருவோரமாக நடப்பாள். நோட்டை ஜன்னல் கம்பி வழியாக வாங்கி ஜன்னல் கம்பி வழியாகக் கொடுப்பாள். படத்தில் விரல் ஈரம் பட்டால் காகிதம் ஊதிவிடும் என்பதால், மடியில் எப்போதும் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கையைத் துடைத்துக்கொள்வது அவளுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகியிருந்தது. யாரையும் தொடக்கூடாது என்று அவள் நினைத்ததேயில்லை. தொடுகிற வேலை எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஊர் இதைக் கவனித்தது. கவனித்த ஊர் மகிழ்ந்துபோனது. எல்லாரும் கலங்கிப்போன காலத்தில் ஒரு மனுஷி மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த கோடிச் சேலை மாதிரி இருக்கிறாளே என்று மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். ரெக்கார்டு அக்கா என்ற பெயர் போய் நிறம் படாத அக்கா என்ற பெயர் வந்தது. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்குக் குத்துவிளக்கு ஏற்ற அவளைக் கூப்பிட்டார்கள். அம்மன் கோவிலில் கூழ் ஊற்ற முதல் அகப்பையை அவள் கையில் கொடுத்தார்கள். ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த வீடுகளிலிருந்து, சீர்த்தட்டைத் தூக்கி முன்னால் நடக்க வேண்டும் என்று வெற்றிலைபாக்கு வைத்தார்கள். தாலியில்லாதவளை முன்னால் விடாத அதே ஊர்தான் இது, அதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்க வேண்டும். இத்தனை காலம் கழித்து ஒரு நல்லது கெட்டதுக்கு அழைப்பு வருகிறதே என்று குழல்வாய்மொழிக்கும் முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பீரோவில் இருந்த பட்டுச்சேலைகளை எடுத்து உதறினாள்.

இந்தப் பெருமை டீ மாஸ்டர் சங்கரபாண்டி செத்த அன்றோடு முடிந்தது.

சங்கரபாண்டி பஸ் ஸ்டாண்டு முக்கில் டீ ஆற்றுகிறவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாய்லர் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். குளிப்பாட்டி நாற்காலியில் சாத்தி வைத்தபோது ஊர் பார்த்தது, அவருடைய கை இரண்டும் தோள்வரைக்கும் இடமே இல்லாமல் நிறம். டம்ளரை நீட்டும்போது விரல்பட்ட நிறம், பாக்கி கொடுக்கும்போது பட்ட நிறம், தோளில் தட்டி ஒரு ஸ்ட்ராங்கு போடுங்க மாஸ்டர் என்றவர்களின் நிறம். ஒப்பாரி வைக்க வந்த பெண்களுக்கு அன்றைக்குப் பாட்டே வரவில்லை. பதிலாக ஒவ்வொருவராகக் கிட்டே போய், குனிந்து, விரலால் காட்டி, இது நான், இது என் தம்பி, இந்தக் கத்திரிப்பூ எங்க மாமா என்று படிக்கத் தொடங்கினார்கள். அது அப்படியே சடங்காக நிலைத்துவிட்டது. மூன்றாவது தெரு வேலம்மாள், லாரி மோதிப் புருஷனைப் பறிகொடுத்துப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியாதவள், சங்கரபாண்டியின் மணிக்கட்டருகே குனிந்தவள் நிமிரவேயில்லை. என்ன என்று தூக்கிப் பார்த்தால், அங்கே அவள் புருஷனின் மாம்பழ மஞ்சள் ஒரு கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. அவள் அழுதபடியே அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

குழல்வாய்மொழி கூட்டத்தின் பின்னால் குடைக்குக் கீழே நின்றாள். சங்கரபாண்டியின் கடையில் அவள் டீ குடித்ததில்லை. படிப்பதற்கு அவளுக்கு அங்கே ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் மேஜை விளக்கின்கீழ் நீட்டிவைத்துப் பார்த்தாள். நகக்கண்ணில்கூட ஒன்றுமில்லை. நம்மைத் தூக்கும்போது இவர்கள் எதைப் படிப்பார்கள் என்று நினைத்தாள். அதையாவது விட்டுவிடலாம், செத்தவளுக்குக் காது கேட்கப்போவதில்லை. ஆனால் இந்த ஊரில் ஒருத்தர் மேலாவது, ஒரு விரல்நுனி அளவுக்காவது, நான் இருக்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அத்தனை வருஷம் அம்மாவை ஈரக்கையோடு தொட்டுத் தொட்டுக் குளிப்பாட்டினாள். அப்போது இந்தச் சாரல் வரவில்லை. அம்மா என்ன நிறம் என்று இனித் தெரியப்போவதில்லை, தான் என்ன நிறம் என்றும் தெரியாது. அவள் விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள்.

மறுநாளிலிருந்து, யாராவது ஒருவர் தன்மேல் பட்டுவிட மாட்டார்களா என்று அவள் அலையத் தொடங்கினாள். கேட்க வாய் வரவில்லை. வாயைத் திறந்து கேட்கிற விஷயமா இது? குடையை வீட்டில் வைத்துவிட்டு, நன்றாக நனைந்துகொண்டு, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே ஜவுளிக்கடைத் தெருவில் நடந்தாள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிற கூட்டம் அவளைக் கண்டதும் இரண்டாகப் பிரிந்தது. "ஏலே, பாத்துப் போலே, அக்கா மேல படப்போவுது" என்று பெற்றவர்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்தார்கள். தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை, சாமி சப்பரம் போவதற்கு விடுவதுபோல் வழி விட்டார்கள், அவள் நடுவில் தன்னந்தனியாக நடந்து வந்தாள்.

வளையல் கடைக்குப் போனாள். வளையல்காரர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து, எலும்பை அமுக்கி, சோப்புத் தண்ணீர் தடவித்தானே ஏற்றியாக வேண்டும்? அது நல்ல யோசனைதான். கடைக்காரர் காதர் மீரான் அவளைப் பார்த்ததும் பதறி எழுந்து, மனைவியைக் கூப்பிட்டு விசிறச் சொல்லி, சலவைத் துண்டு ஒன்றை எடுத்து அவள் கையை மெத்தென்று ஒற்றி உலர்த்தி, தன் கைக்குப் பாலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, ஒரு டஜன் பச்சை வளையலை நொடியில் ஏற்றிவிட்டார். "எங்கையால உங்களுக்கு ஒரு குறை வந்துச்சுன்னு இருக்கக்கூடாதுல்லா" என்றார். அவர் பாசத்தோடுதான் சொன்னார். அவள் வளையல் குலுங்க வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த ஞாயிறு மண்டபத்தில் அவள் பென்சில் எடுக்கவில்லை. வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளை நனைத்தாள், வீட்டிலிருந்து கொண்டுவந்த டீ டிக்காஷனை அப்படியே கவிழ்த்தாள். கலப்பு ஊடகம் என்று ரோஸ்லின் சொல்லிக்கொடுத்ததை ஊர் ஒட்டுவேலை என்று பெயர் மாற்றியிருந்தது. புளியரையைத் தாண்டினால் கேரளா என்பதால், விழாமல் போன லாட்டரிச் சீட்டுகள் எல்லார் வீட்டிலும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அதைக் கிழித்து ஒட்டிப் பாய்லர் ஆக்கினாள், நாள்காட்டித் தாள்களைக் கசக்கி ஒட்டிப் பெஞ்சு ஆக்கினாள், கல் உப்பைத் தூவினாள், உப்பு வண்ணத்தைக் குடித்த இடமெல்லாம் சாரல் விழுந்தது. அகலப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு, ஒரு ஆள். இன்னொரு இழுப்பு, இன்னொரு ஆள். ஒருவன் முழங்கை அடுத்தவன் விலாவுக்குள் ஓடியது, ஒருத்தி தலைமுடி மழைக்குள் ஓடியது, அவள் எதையும் தடுக்கவில்லை. மேல் ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு வண்ணம் போகாத வெறுந்தாளாக விட்டிருந்தாள். குடை பிடித்த ஒரு பெண் அங்கே நிற்பது வரையாமலே தெரிந்தது.

காலேஜுப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. மைதீன் பிச்சை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ரோஸ்லின் தாளின்மேல் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குத்தான் கை வந்திருக்குக்கா. பயமே இல்ல" என்றாள். அந்த வெள்ளை விட்ட இடம்தான் படத்துக்கு உயிர் என்று மற்றவர்களுக்கு விளக்கினாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். குழல்வாய்மொழிக்கு அந்த இடத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, படத்தைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

ஆடி கடைசி வந்தது. அடுத்த வாரம் மண்டபத்தில் கல்யாணங்கள் தொடங்கிவிடும், பந்தி மேஜைகள் பந்திக்கு வேண்டும், ஆகவே அதுதான் கடைசிப் பயிற்சி. அதற்குள் சாரலும் மெலிந்துபோய், மலை உச்சி முழுசாகத் தெரியத் தொடங்கியிருந்தது. நல்ல வெயில் ஒரு நாள் அடித்துவிட்டால் இருக்கிற நிறம் இருக்கிறபடி இறுகிவிடும், அதன்பின் புதிதாக ஒன்றும் ஒட்டாது என்று ஊர் சொல்லிக்கொண்டது. யார் கண்டுபிடித்தார்களோ, ஆனால் எல்லாரும் அவசர அவசரமாகச் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

பயிற்சி முடிந்ததும் ரோஸ்லினின் காகிதச் சுருளை வாங்கிக்கொண்டு குழல்வாய்மொழி பஸ் ஸ்டாண்டுவரை கூட நடந்தாள். மழை நின்றிருந்தது. சங்கரபாண்டியின் கடையை அவர் மகன் திறந்து வைத்திருந்தான். நாகர்கோவில் பஸ் வந்து நின்று, டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போனார். இதுதான் நேரம், இதை விட்டால் இல்லை என்று குழல்வாய்மொழிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் வாய் வேறு ஏதேதோ பேசியது, போகிற வழியில் சாப்பிட முறுக்கு வாங்கித் தரட்டுமா என்று கேட்டது, ஜன்னலோரம் உட்காருங்கள் என்றது.

ரோஸ்லின்தான் ஆரம்பித்தாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எல்லார் கையையும் பிடிச்சு பிரஷ் போட வச்சேன். உங்க கைய மட்டும் பிடிக்கல. கவனிச்சிருப்பீங்க."

"எனக்குக் கோடு நேரா வருமே, அதனாலன்னு நெனச்சேன்."

"இல்லக்கா. ஊர்ல வந்து சொன்னாங்க. அந்த அக்கா மேல மட்டும் பட்டுராதீங்க, எங்க ஊருக்கு அவிய ஒருத்தங்கதான் மிச்சம்னு. மரியாதைன்னு நெனச்சு நானும் சரின்னுட்டேன்."

குழல்வாய்மொழி காகிதச் சுருளைப் பஸ் படியில் சாத்தி வைத்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"மரியாதை எனக்கு நெறையக் கெடச்சாச்சு மிஸ்" என்றாள். பிறகு, இத்தனை நாளும் கேட்க வாய் வராததைக் கேட்டுவிட்டாள். "நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னால என்னத் தொட்டுட்டுப் போறியளா?"

ரோஸ்லின் தோள்பையைக் கீழே இறக்கி, சலூன்காரர்கள் தலையில் பீச்சுகிற மாதிரி ஒரு குப்பியைத் தேடி எடுத்தாள், அதில் அடியில்தான் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள். ஊரே அந்தக் கையில் இருந்தது, சண்முகவேலின் பச்சை, மைதீன் பிச்சையின் ஆரஞ்சு, பெயர் தெரியாத பிள்ளைகளின் மஞ்சளும் ஊதாவும். முழங்கைக்கு மேலேதான் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே பீச்சினாள். மிச்சத்தைக் குழல்வாய்மொழியின் உள்ளங்கையில் பீச்சினாள். மேகம் விலகிக்கொண்டிருந்தது, பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் வெயில் விழுந்துவிட்டது.

குழல்வாய்மொழி முதலில் சுட்டுவிரல் நுனியை மட்டும் நீட்டினாள், தவளை இதயத்துக்குப் புள்ளி வைக்கப்போகிறவளைப்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு. தோலுக்கு ஒரு நூல் இடைவெளியில் விரல் நின்றது. இது சரியில்லை என்று அவளுக்கே பட்டது. விரலை இழுத்துக்கொண்டாள், மூச்சை விட்டாள், முழுக் கையையும் அப்படியே வைத்தாள். வைத்துவிட்டு எடுத்துவிட்டாள், மறுபடி போய்த் தொடவில்லை.

தன் நிறம் பென்சில் சாம்பலாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் அவள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். ரோஸ்லினின் கையில் கொய்யாப்பழத்தின் உள்சிவப்பு, சிரிப்புச் சிரிப்பாக, விரல்கள் அகலப் பரவி, ஓரங்கள் நாலாப்பக்கமும் ஓட விரிந்துகொண்டிருந்தது. "ஐய, இதுவா நானு" என்றாள் குழல்வாய்மொழி. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கையில் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம் ஊறிக்கொண்டிருந்தது. அது ரோஸ்லினுடையது. இந்த ஊரில் ரோஸ்லினைத் தெரிந்தவர்கள் நாளைக்கு மறந்துவிடுவார்கள். நாளை ஒருநாள் தன்னைக் குளிப்பாட்டி வைக்கும்போது இது யாருடைய நிறம் என்று படிக்க ஆள் இருக்காது. பரவாயில்லை என்று நினைத்தாள். தனக்குத் தெரியும், அது போதும் என்றுகூட நினைத்துப் பார்த்தாள், ஆனால் அது போதவில்லை.

டிரைவர் வந்தார், பஸ் கிளம்பியது. உட்கார இடமில்லாமல் ரோஸ்லின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரம் காயாத அந்தச் சிவப்பு, பக்கத்தில் நனைந்து நின்ற ஒரு பெரியவரின் தோளில் உரசி அவருக்குப் பாதி போனது, பஸ் குலுங்கித் திரும்பியபோது அவரிடமிருந்து முன்னால் நின்ற ஒரு பெண்ணின் கழுத்துக்குப் போனது. யாரோ, எந்த ஊரோ. பஸ் திரும்பி மறைகிறவரைக்கும், ஜன்னல் ஜன்னலாகத் தன் நிறம் ஆள்மாறிப் போவதைக் குழல்வாய்மொழி பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. வெயில் அவள் காலடிக்கு வந்து, மேலேறி, தலைவரை அடித்தது. ஒரு மாசத்துக்கும் மேலான பிறகு தரையில் எல்லாருக்கும் நிழல் விழுந்தது.

வீட்டுக்குப் போகலாம்தான். நடந்தால் பத்து நிமிஷம். அவளோ தென்காசிக்குப் போய் ஒரு அழிரப்பர் வாங்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அது வீட்டுக்கு எதிர்க்கடையிலேயே கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு, கிளம்ப நின்ற டவுன் பஸ்ஸில் ஏறினாள். ஏறியதும் பழக்கப்படி ஆட்கள் நகர்ந்தார்கள், ஒருவர் எழுந்து இடம் விட்டார், அக்கா வாராங்க என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பியில் அவள் கையைப் பார்த்தார்கள். பின்னால் ஒரு கிழவர், போச்சா, அதுவும் போச்சா என்று முணுமுணுத்தார். அவள் கையை எடுக்கவில்லை, நிறம் தெரியும்படி இன்னும் அகல விரித்து வைத்தாள்.

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அவளைச் சுற்றி விட்டிருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக அடைந்துகொண்டு வந்தது. முதலில் ஒரு கூடை வந்தது, பிறகு கூடைக்காரி வந்து அவள் தோளில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். இலஞ்சிக்கு ரோடு பிரிகிற விலக்கில், கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக ஒரு சின்னப் பெண் ஏறினாள், கூட்டத்துக்குள் முண்டிக்கொண்டு வந்தாள், கம்பியைப் பிடிக்கக் கை இல்லாமல் தள்ளாடினாள். சுற்றும் பார்த்தாள். குழல்வாய்மொழியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கம்பியில் விரிந்திருந்த நாவல்பழக் கையைப் பார்த்தாள்.

"செத்த நேரம் பிள்ளையப் பிடிங்கக்கா" என்று வெயிலில் வேர்த்து நசநசத்துக் கிடந்த அந்தப் பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் பொத்தென்று போட்டாள். போட்டவள் அதன்பிறகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, காலுக்கடியில் பையை வைக்க இடம் தேடுவதில் மும்முரமாகிவிட்டாள்.